விரல்நுனித் தமிழ்: கொங்கு நாட்டில் தட்டச்சுக் கல்வி

கொங்கு நாட்டுச் சார்பதிவாளர் அலுவலகங்களின் வாயிலில் ஒரு காலத்தில் நாள் முழுதும் கேட்ட ஓசை ஒன்று உண்டு. வேப்ப மரத்தடியிலோ ஓட்டுத் திண்ணையிலோ சிறு மேசை ஒன்றின்மேல் தட்டச்சுப்பொறி இருக்கும். அதில் முத்திரைத்தாளைச் செருகிக் கிரயப் பத்திரம் அடிக்கும் ஓசை அது. முத்திரைத்தாள் விலை கொடுத்து வாங்கப்பட்டது. கெடுத்தால் வேறொன்று வாங்க வேண்டும். புல எண்ணில் ஓர் இலக்கம் பிறழ்ந்தாலோ நான்கெல்லையில் கிழக்கு மேற்காகிவிட்டாலோ, பரம்பரையாக உழுத பூமியும் அதிலிருக்கும் கிணறும் காகிதத்தில் பக்கத்துக்காரருடையதாகிவிடும். பிறகு அதைச் சரிசெய்ய ஒரு தலைமுறை நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். பத்திரத்தின் முடிவில் அடித்தல் திருத்தல் எத்தனை என்று குறித்துக் கையொப்பமிடுவது மரபு. ‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்று துணிந்து எழுதத்தக்க பத்திரத்தை அடித்துக் கொடுப்பவரையே ஊர் நல்ல தட்டச்சர் என்றது.

அவர் எத்தனை விரைவாக அடிக்கிறார் என்பதைப் பின்னரே கேட்டனர். ஆயினும் பிழையின்றி அடித்தவரே விரைந்தும் அடித்தார். இது தற்செயலன்று. விரைவையும் திருத்தத்தையும் இரு வேறு திறமைகளாகக் கருதி, ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என எண்ணுவது பயிலாதவர் கொள்ளும் மயக்கம். கோவையிலும் ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் கோபிசெட்டிபாளையத்திலும் மாடி அறைகளில் நடந்த தட்டச்சுப் பயிலகங்கள் இந்த மயக்கத்தைத் தெளிவித்தே பல்லாயிரம் இளைஞர்க்கு வாழ்வு தேடித் தந்தன. அப்பயிலகங்களின் வரலாற்றை எழுதி வைத்தவர் குறைவு. தமிழ் எழுத்தின் அண்மைக்கால வரலாற்றில் அவற்றுக்கு உரிய இடமும் இன்னும் அளிக்கப்படவில்லை.

ஓர் ஆண்டு, இரு நிகழ்ச்சிகள்

அமெரிக்காவின் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் என்பவர் தட்டச்சுப்பொறிக்கு 1868இல் காப்புரிமை பெற்றார். துப்பாக்கி செய்து புகழ்பெற்ற ரெமிங்டன் நிறுவனம் சில ஆண்டுகளுக்குப் பின் அதனைச் செய்து விற்கத் தொடங்கியது. தொடக்கக் காலப் பொறிகளில் எழுத்துத் தண்டுகள் உருளையின் அடியிலிருந்து மேலெழுந்து தாளைத் தாக்கின. அதனால் அடித்த வரியை உடனே காண இயலாது. ஆனால் விசைகளைக் காணத் தடையில்லை. எனவே பெரும்பாலோர் விசைகளை நோக்கி, இரண்டு அல்லது நான்கு விரல்களால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தனர். அதுவே இயல்பான முறை என்றும் கருதினர்.

அக்கருத்தை மாற்றிய நிகழ்ச்சி 1888ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் சின்சினாட்டி நகரில் நடந்த போட்டி. நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரான பிராங்க் மெகரின் விசைப்பலகை முழுவதையும் மனத்தில் பதித்துக்கொண்டு, எல்லா விரல்களாலும், விசையை நோக்காமல் அடித்தார். எதிர்த்து நின்ற லூயி டிராப் வேறு வகைப் பொறியில் விசைகளை நோக்கியே அடித்தார். வென்றவர் மெகரின். தோற்றவர் திறமையற்றவர் அல்லர். தாளுக்கும் விசைக்கும் இடையே கண் ஓடிக்கொண்டிருந்ததே அவரைப் பின்னடையச் செய்தது. பார்க்காமல் அடிக்கும் முறை அலுவலகங்களின் நியதியாக மாறியது இந்தப் போட்டிக்குப் பின்னரே.

அதே 1888இல்தான் கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் நூற்பாலை ஒன்றைத் தொடங்கினார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இந்த இரு நிகழ்ச்சிகளின் பயனும் பிற்காலத்தில் ஒரே அறையில் வந்து கூடின. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தபின் ஆலைகள் பெருகின. 1933இல் ஆலை உரிமையாளர்களின் சங்கமும் கோவையில் அமைந்தது. ஆலை என்றால் கதிர்கள் சுழலும் கூடம் மட்டுமன்று. பஞ்சு வாங்கப் பம்பாய்க்குக் கடிதம், இயந்திர உதிரிக்கு இங்கிலாந்துக்குக் கடிதம், நூல் விலைப்பட்டியல், ஊதியப் பட்டியல், வங்கிக்கு உறுதிமொழி என எழுத்துப் பணியும் அதன் பகுதியே. அக்கடிதங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. நாற்பதாம் எண் நூல் அறுபதாம் எண் எனப் பிழைபட அடிக்கப்பட்டால் இழப்பு ரூபாயில் வந்து நிற்கும். கொங்கு நாட்டில் ஆங்கிலத் தட்டச்சுக்குத் தேவை பிறந்தது இவ்வாறே. கல்லூரிக்குச் செல்ல வசதியற்ற, பள்ளியிறுதி வரை படித்த உழவர் மகனுக்கும் நெசவாளர் மகனுக்கும், ஆலைக் கூடத்திற்குள் செல்லாமல் ஆலையின் அலுவலகத்திற்குள் செல்ல ஒரு கதவு திறந்தது. அக்கதவின் திறவுகோல் பத்து விரல்களில் இருந்தது.

தமிழுக்கு ஒரு விசைப்பலகை

ஆங்கிலத்திற்கு 26 எழுத்து. தமிழுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247. நாற்பத்தாறு விசைகள் கொண்ட பொறியில் விசைக்கு இரண்டாக 92 வடிவங்களே கொள்ளும். தமிழைத் தட்டச்சில் அடைக்க இயலாது என ஒரு காலத்தில் கூறப்பட்டதற்குக் காரணம் இந்தக் கணக்கு. அதை மறுத்துக் காட்டியவர், யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலேயாவுக்குச் சென்று, சிங்கப்பூரில் வணிக நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த ஆர். முத்தையா. எழுத்துகளை முழு வடிவங்களாகக் கொள்ளாமல், உறுப்புகளாகப் பிரித்துப் பொறிமேல் கூட்டலாம் என்பதே அவர் கண்ட வழி. அவர் வகுத்த அமைப்பில் ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனத்தார் பொறிகள் செய்தனர். அறிஞர் கழகங்கள் செய்ய வேண்டிய பணியை அலுவலக எழுத்தர் ஒருவர் செய்து முடித்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. நாள்தோறும் ஆங்கிலப் பொறியில் விரல் தேய்த்தவருக்கே தமிழ்ப் பொறியின் குறை புலப்பட்டிருக்க வேண்டும்.

தமிழகப் பயிலகங்களில் நிலைபெற்ற பலகையில் நடு வரிசையே மாணவரின் முதற்பாடம். இடக்கை விரல்களுக்கு ய, ள, ன, க. வலக்கைக்குத் த, ம, ட, புள்ளி. இடையில் உள்ள ‘ப’வும் துணைக்காலும் சுட்டுவிரல்களுக்குரியன. தமிழில் மிகுதியாக வரும் குறிகளுள் ஒன்று புள்ளி. அது வந்தமர்ந்த இடமோ வலக்கைச் சுண்டுவிரலின் அடியில், வலிமை குன்றிய விரலுக்கு. ஆங்கிலம் மட்டும் பயின்றவர் அந்த விரலை அரைப்புள்ளிக்கும் முற்றுப்புள்ளி அருகிலுள்ள குறிகளுக்கும் எப்போதேனும் பயன்படுத்துவார். தமிழ் பயின்றவரோ ஒவ்வொரு சொல்லிலும் அதனை அழைத்தாக வேண்டும். தமிழ்த் தட்டச்சில் தேர்ந்தவரின் சுண்டுவிரல் மற்ற விரல்களுக்கு இணையாக வலுப்பெற்றிருப்பதன் காரணம் இது.

இன்னொரு வியப்பும் உண்டு. கையால் எழுதுபவர் ‘ம’ எழுதி அதன் தலையில் புள்ளி வைப்பார். பொறியிலோ புள்ளியை முதலில் அடிக்க வேண்டும். புள்ளி விசை தாளேந்தியை நகர்த்தாது. குறி மட்டும் தாளில் விழ, அடுத்து வரும் எழுத்து அதன் கீழ் அமர்ந்து தாளேந்தியை நகர்த்தும். ஆகவே ‘அம்மா’ என்பதற்கு அ, புள்ளி, ம, ம, துணைக்கால் என விரல் செல்ல வேண்டும். மனம் ஒலியை ‘ம்’ என நினைக்கும்போது விரல் அதன் புள்ளியை முன்னதாகவே நினைத்திருக்க வேண்டும். கு, டு, மு, ரு போன்று உகரம் ஏறி உருமாறும் எழுத்துகளுக்கோ கூட்டும் வழி இல்லை. அவை தனித்தனி இடம் பெற்றன. இவை அனைத்தையும் பழகிய பின் மாணவர் தமிழ்ச் சொற்களை எழுத்தாகவும் ஒலியாகவும் காண்பதை விட்டு, விரலசைவுகளின் வரிசையாகவே உணர்வார்.

வடிவங்களைக் குறைக்கும் எண்ணத்திற்குக் கொங்கு நாட்டிலேயே ஒரு வரலாறு உண்டு. ஈரோட்டிலிருந்து வெளிவந்த ‘குடி அரசு’ இதழில் பெரியார் 1935இல் சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கினார். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்னும் 13 எழுத்துகள் அந்நாளில் ஏனைய எழுத்துகளின் ஒழுங்குக்கு மாறான தனி வடிவங்களைப் பெற்றிருந்தன. அவற்றையும் பொது ஒழுங்கில் அமைத்தால் கற்பவர்க்கும் அச்சுக் கோப்பவர்க்கும் சுமை குறையும் என்பது அவர் வாதம். தமிழக அரசு அதனை 1978 அக்டோபரில் ஏற்று ஆணையிட்டது. நாற்பத்து மூன்றாண்டுகள் கழித்து வந்த அந்த ஆணையை எதிர்த்தவர்களும் இலக்கிய உலகில் இருந்தனர். ஆயினும் துணைக்காலை ஒரு விசையாகவும் ஐகாரக் குறியை ஒரு விசையாகவும் கொண்டு எல்லா எழுத்தையும் ஒரே விதத்தில் கூட்டும் முறைக்கு, விதிவிலக்கில்லாத எழுத்தைவிட வேண்டியது வேறில்லை. விதிவிலக்கு ஒவ்வொன்றும் தட்டச்சருக்கு ஒரு தயக்கம்.

தமிழ்த் தட்டச்சருக்கு அரசுப் பணி காத்திருக்கச் செய்தது 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம். அது நிறைவேறிய அமைச்சரவையில் நிதியும் கல்வியும் பார்த்தவர், பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். தமிழ் ஆட்சிமொழி எனச் சட்டம் கூறிவிடலாம். வட்டாட்சியர் அலுவலகத்துக் கோப்பில் அது தமிழாக வந்து விழ வேண்டுமானால் பொறியும் வேண்டும், பொறியறிந்த விரலும் வேண்டும். அதற்கு முந்திய ஆண்டாகிய 1955இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே தட்டச்சுப்பொறி செய்யத் தொடங்கியிருந்தது. மேடையில் முழங்கியவர்களின் பெயர்கள் ஆட்சித் தமிழின் வரலாற்றில் நிறைய உள்ளன. முழங்கியதை ஆணையாகவும் சுற்றறிக்கையாகவும் அடித்துக் கொடுத்தவர்களின் பெயர் எந்த மலரிலும் இல்லை.

பயிலகத்தில் ஒரு மணி நேரம்

சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வந்து இறங்கும் மாணவர், நகரக் கடைத்தெருவில் ஒடுங்கிய படியேறிப் பயிலகத்தை அடைவார். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அவருக்குரியது. அடுத்த மணிக்கு வேறொருவர் வந்து நிற்பார். அதனால் விடியற்காலை முதல் இரவு வரை பொறிகள் ஓய்வதில்லை. புதியவருக்கு மிகப் பழைய பொறியே கிடைக்கும். அதன் விசை கனமாக இருக்கும். விரல் வலிக்கும். இதில் ஒரு கணக்கு இருந்தது. கனத்த விசையில் பழகிய விரல் தேர்வுநாளில் எப்பொறியிலும் அஞ்சாது.

முதல் சில வாரங்கள் பொருளற்ற எழுத்துத் தொடர்களே பாடம். நடு வரிசையை அடித்து அடித்துத் தாள் நிரப்ப வேண்டும். பிறகு மேல் வரிசை, கீழ் வரிசை, எண்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்தும் ஒருசேர வரும் நரியும் நாயும் பற்றிய வாக்கியத்தை எட்டும்போது மாணவர் ஒரு படி ஏறிவிட்டதாக எண்ணிக்கொள்வார். அதுவரை சலித்துப்போய் நின்றுவிடுபவர் பலர். ‘கையைப் பார்க்காதே கண்ணு, புத்தகத்தைப் பார்’ என்பதே கொங்கு நாட்டுப் பயிலக ஆசிரியரின் ஓயாத சொல். சிலர் விசைகளின்மேல் அட்டையைக் கவிழ்த்து மறைப்பர். கண்டிப்பானவர் அளவுகோலை எடுப்பதும் உண்டு.

பார்க்காமல் அடிக்கச் சொன்னதற்குக் காரணம் எளியது. கண் விசைக்கு இறங்கி மூலத்திற்கு மீண்டும் ஏறும்போது வரியில் விட்ட இடத்தைத் தேட வேண்டும். தேடுவதில் நேரம் போகும். சில வேளைகளில் ஒரு வரியே விடுபடும். விட்ட வரி எழுத்துப் பிழையினும் கொடிய பிழை. படித்தால் பொருள் வருவதுபோல் தோன்றி ஏமாற்றிவிடும்.

விரைவைப் பற்றிய ஒரு கணக்கும் இங்கே நோக்கத்தக்கது. ஐந்து தட்டல் ஒரு சொல் என்பது ஆங்கிலத் தட்டச்சின் அளவை. இளநிலைத் தேர்வுக்கு நிமிடத்திற்கு 30 சொல். அதாவது நொடிக்கு இரண்டரைத் தட்டல். முதுநிலைக்கு 45 சொல், நொடிக்கு மூன்றேமுக்கால். மேசைமேல் விரல்களை வெறுமனே தாளமிடும் சிறு பிள்ளையும் இவ்வேகத்தை எளிதாகக் கடந்துவிடும். ஆகவே விரலின் ஓட்டம் இங்கே தடையன்று. பத்து நிமிடம் இடையறாது அதே சீரில் செல்வதே கடினம். ஓர் எழுத்தின்முன் ஒரு நொடி தயங்கினால் நான்கு தட்டல் போயிற்று. அதை ஈடுசெய்ய அடுத்த சொல்லில் பாய்ந்தால் பிழை. பிழை கண்டு மனம் பதறினால் மீண்டும் தயக்கம். வேகம் கூட்ட வேண்டுமானால் விரலை விரட்டாமல் தயக்கத்தை நீக்க வேண்டும் என்பதை நல்லாசிரியர் அறிந்திருந்தனர். எந்தெந்த எழுத்துச் சேர்க்கையில் மாணவர் நிற்கிறார் எனக் காதால் கேட்டே கண்டுபிடிப்பர். ஒலியின் சீர் குலையும் இடம் அதுவே. அச்சேர்க்கை வரும் சொற்களை மட்டும் தனித்தாளில் மெதுவாக அடிக்கச் சொல்வர். ஒரே பத்தியைப் பிழையின்றி அடிக்கும் வரை வேகத்தைக் கூட்ட விடமாட்டார்கள். சிவப்பு மையால் வட்டமிட்ட தாள்களை மாணவர் அடுக்கி வைத்துக்கொள்வார். வட்டங்கள் குறைந்துவந்த தாள்களிலேயே நிமிடக் கணக்கும் உயர்ந்து வந்திருப்பது தெரியும்.

பொறியும் இதில் ஓர் ஆசிரியராக இருந்தது. இரு விசைகளை ஒருசேர அமுக்கினால் இரு தண்டுகளும் நடுவழியில் மோதிச் சிக்கிக்கொள்ளும். கையால் பிரித்துவிட வேண்டும். விரலில் நாடாவின் மை படியும். அவசரத்திற்கு உடனே கிடைத்த தண்டனை அது. அழிப்பதோ அதைவிடத் தொல்லை. மூன்று கரிப்படித் தாள்கள் வைத்து அடித்த கடிதத்தில் ஓர் எழுத்து தவறினால், மேல்தாளையும் ஒவ்வொரு படியையும் தனித்தனியே ரப்பரால் தேய்த்து, அடியில் துண்டுத்தாள் செருகி, உருளையை அதே இடத்திற்குத் திருப்பி அடிக்க வேண்டும். ஒரு பிழைக்கு ஆகும் நேரத்தில் நாலைந்து வரிகளை அடித்துவிடலாம். படியெடுக்கும் மெழுகுத்தாளில் பிழைத்தால் சிவப்பு மெழுகு நீர் பூசி உலரும் வரை காத்திருக்க வேண்டும். பிழையின் விலை கண்முன் தெரிந்த காலம் அது.

லோயரும் ஹையரும்

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்திய தேர்வுகளை மக்கள் இளநிலை, முதுநிலை என அழைத்ததில்லை. ‘லோயர்’, ‘ஹையர்’ என்பனவே ஊர்வழக்கு. ‘இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் முடித்தவள்’ என்பது பெண் பார்க்க வந்தவர்களிடம் பெருமையுடன் சொல்லப்பட்ட தகுதி. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு நடக்கும். அந்நாட்களில் பயிலகத்துப் பொறிகள் சாக்கில் பொதியப்பட்டு வண்டியேறித் தேர்வு மையத்திற்குச் செல்லும். தேர்வுக்கூடத்தில் மணி அடித்ததும் நூறு பொறிகள் ஒருசேர முழங்கத் தொடங்கும். ஓட்டுக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போன்ற அவ்வோசையில் தன் பொறியின் சீரை மட்டும் கேட்கப் பழகாதவர் அயலாரின் வேகத்திற்கு இழுபட்டுத் தோற்பர்.

இச்சான்றிதழால் பயன் பெற்றோருள் பெண்களைத் தனியே குறிப்பிட வேண்டும். பள்ளியிறுதிக்குப்பின் கல்லூரி தொலைவு, செலவு, ஊர்ப்பேச்சு என்று வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்கள் பலருக்கு, நாளும் ஒரு மணி நேரம் நகருக்குச் சென்றுவர இசைவு கிடைத்த ஒரே இடம் தட்டச்சுப் பயிலகம். அரசுப் பணியாளர் தேர்வாணையம் தட்டச்சர் பதவிக்குச் சான்றிதழைத் தகுதியாக வைத்தமையால், அந்த ஒரு மணி நேரம் பலருக்கு வாழ்நாள் ஊதியமாயிற்று. அவ்வூதியத்தில் தம்பியும் தங்கையும் படித்தனர். அலுவலகத்தில் அவர்களுக்கு அளிக்கப்பட்ட இடத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பிறர் எழுதியதை அடிப்பதே பணி. வாக்கியம் பிழையாக இருந்தாலும் திருத்த உரிமையில்லை. திருத்தினால் அதிகப்பிரசங்கம் என்பர், திருத்தாவிட்டால் ‘டைப்பிஸ்ட் தப்பு’ என்பர். அதிகாரியின் ஒற்றுப்பிழைகளை ஓசையின்றித் திருத்தி, அவர் தமிழறிந்தவர் என்ற பெயரைக் காப்பாற்றிய தட்டச்சர் எத்தனையோ பேர். ஆட்சித் தமிழின் சந்தி காக்கப்பட்டதில் அவர்களுக்குள்ள பங்கை அளந்து காட்டக் கருவியில்லை.

கணிப்பொறி வந்தபின்

1990களில் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி அலுவலகங்களிலும் கோவை அச்சகங்களிலும் கணிப்பொறி புகுந்தது. ஆங்கிலம் பயின்ற விரல்களுக்கு இடர் இல்லை. ஷோல்ஸ் வழிவந்த பலகையே அங்கும் இருந்தது. தமிழில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறிமுறை கொண்டிருந்த குழப்பக் காலம் அது. அக்குழப்பத்தில் பலருக்குப் பற்றுக்கோடாக இருந்தது பழைய தட்டச்சுப் பலகை. ஈயஅச்சுக் கோத்தவர் வேலையிழக்க, பயிலகத்தில் ஹையர் முடித்தவர் அவ்விடத்தில் அமர்ந்தார்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழி ‘தமிழ் 99’ விசைப்பலகை உருவாகி அவ்வாண்டே அரசின் ஏற்பைப் பெற்றது. இதில் உயிர் இடக்கைக்கு, மெய்களுள் பெரும்பாலானவை வலக்கைக்கு. மெய்யோடு உயிரை அடித்தால் உயிர்மெய் தானே அமையும். ஒரே மெய் இரட்டித்து வந்தாலும், மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும், முதலெழுத்தில் புள்ளி தானாக விழும். ‘கொங்கு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். பழைய பொறியில் ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால், புள்ளி, ங, கு என ஆறு தட்டல். இடையே மாற்று விசையையும் பிடிக்க வேண்டும். தமிழ் 99இல் க, ஒ, ங, க, உ என ஐந்து. புள்ளியைத் தேடும் சுண்டுவிரலுக்கு ஓய்வு. நன்னூல் படித்தவர்க்கு இனவெழுத்து விதி புதிதன்று. விசைப்பலகையில் அதைக் காண்பது புதிது.

ஆயினும் அப்பலகை பயிலகங்களுக்குள் நுழையவில்லை. அங்கிருந்தவை இரும்புப் பொறிகள். அவை தானாகப் புள்ளி வைக்க அறியா. அரசு ஒரு கையால் தமிழ் 99ஐத் தரமென அறிவித்தது. மறு கையால், பழைய பலகையில் தேறியவருக்கே தட்டச்சுச் சான்றிதழ் வழங்கிவந்தது. வேலைக்காகப் பயில்பவர் எதைப் பயில்வார் என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவிலும் ஆகஸ்ட் டுவோராக் 1936இல் காப்புரிமை பெற்ற எளிய பலகை இவ்வாறே ஓரங்கட்டப்பட்டது. பழகிய விரல்களின் தொகை ஒரு கண்டுபிடிப்பின் நன்மையைவிடக் கனமானது. தமிழில் இந்த இழுபறியால் நேர்ந்த இழப்பு வேறு வகையினது. பயிலகத்திற்குப் போகாத தலைமுறை பழைய பலகையையும் கற்கவில்லை, புதியதையும் கற்கவில்லை. ஆங்கில எழுத்துகளில் தமிழை ஒலித்து அடித்து, பொறி மாற்றித் தருவதை ஏற்றுக்கொண்டது. அவ்வழியில் லகர ளகர ழகரங்களும் னகர ணகரங்களும் அடிப்பவர் நினைவில் நிற்பதில்லை. பட்டியலில் முதலில் தோன்றும் சொல்லே எழுத்தாகிவிடுகிறது. விரைவு கிடைத்ததாகத் தோன்றும். திருத்த எடுத்த நேரத்தையும் சேர்த்து எண்ணுபவர் குறைவு.

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவைக் கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது; தமிழ் இணைய மாநாடும் உடன் கூடியது. ஒருங்குறியைத் தமிழ்க் குறிமுறையாக ஏற்கும் அரசாணையும் அந்த ஜூன் 23ஆம் நாளிட்டதே. எழுத்துருக் குழப்பம் அதன்பின் படிப்படியாக நீங்கியது. விசைப்பலகைக் குழப்பம் நீங்கவில்லை.

அதற்கு முந்திய ஆண்டே, 2009இல், கோத்ரெஜ் நிறுவனம் அலுவலகத் தட்டச்சுப்பொறி செய்வதை நிறுத்திவிட்டது. அதன்பின்னும் பயிலகங்கள் நின்றுவிடவில்லை. பழுதான மூன்று பொறிகளின் உறுப்புகளைக் கொண்டு நான்காவதை ஓடச்செய்யும் பழுதுபார்ப்போர் ஊருக்கு ஒருவரேனும் இருந்தனர். நாடாவைத் திருப்பிச் சுற்றியும், தேய்ந்த உருளைக்குப் புது ரப்பர் ஏற்றியும், ‘க’ விழும் இடத்தில் மங்கிப்போன எழுத்தை ஊசியால் அழுக்கெடுத்தும் அவர்கள் காலத்தைத் தள்ளினர். கணிப்பொறித் திரையில் விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் தமிழ் 99க்கு அருகே ‘பழைய தட்டச்சு’ என்றொரு பெயரும் இடம்பெற்றது. வட்டாட்சியர் அலுவலகங்களில் கணிப்பொறிமுன் அமர்ந்த மூத்த பணியாளர்கள் அதையே தேர்ந்தனர். திரையில் புள்ளியைப் பின்னால் வைக்கச் சொன்ன மென்பொருள் வந்தபோது, முப்பதாண்டு புள்ளியை முன்னால் வைத்த சுண்டுவிரல் சில மாதம் தடுமாறிப் பிறகு இணங்கியது. மணி ஒலித்து வரி முடிவதை உணர்த்தும் பொறி இல்லாதபோதும், வரியின் கடைசியில் இடக்கை தாளேந்தியின் நெம்புகோலைத் தேடி வெறுங்காற்றில் ஒரு முறை உயர்ந்து தாழ்வதை அருகிலிருந்தவர்கள் கண்டிருக்கின்றனர்.